தொண்ணூற்றாறில் ஒரு புள்ளி

நான் ஒருவர் மேல் பொய்ப் பழி போட்டிருக்கிறேன். தெரிந்தே போட்டேன். என் கையால் நேர்ந்த பிழையை அவர் செய்ததாக, விசாரணை அறையில், அவருக்கு எதிரிலேயே சொன்னேன். அதனால் அவர் வாழ்க்கையில் பதினொரு ஆண்டுகள் வீணாகப் போயின. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. தன் பெயரின் இரண்டு எழுத்தைச் சரியான கட்டத்துக்குள் போடுவதற்காகப் பாதி வாழ்க்கை காத்திருந்தவர் அவர். அதை நான் என் இஷ்டத்துக்கு இங்கே போட்டுவிடக் கூடாது.

எழுபதுகளின் தொடக்கம். செகந்திராபாத்துக்கு வெளியே ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது, அந்த அம்மாள் வரைபடப் பிரிவில் ட்ரேசராக இருந்தார். பிறர் பென்சிலால் வரைந்த படத்தின் மேல் மெழுகுத்துணி போன்ற ஒரு துணியை விரித்து, மையால் படியெடுப்பவர் என்று அர்த்தம். லாலாகுடா ரயில்வே குடியிருப்பிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருவார். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வட ஆற்காட்டுத் தமிழை ஹைதராபாத் உருதுவில் ஒரு முக்கு முக்கி எடுத்துப் பேசுவார். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். படிப்பு பதினொன்றாம் வகுப்பும் ஒரு டிராயிங் சர்ட்டிபிகேட்டும். நான் தஞ்சாவூர்க்காரன், கணிதத்தில் எம்.எஸ்.ஸி. முதல் வகுப்பு. அந்த 'முதல் வகுப்பு' என் கழுத்தில் மணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்த காலம்.

ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் மூன்று சிறு கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், படியெடுத்தவர், சரிபார்த்தவர் என்று. அவரவர் தம் கட்டத்தில் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். அந்த அம்மாளுக்கு நடுக் கட்டம் மட்டும்தான். ஆனால் வளைகோடு என்று வந்துவிட்டால் அங்கிருந்த ஆறு வரைவாளர்களும் தாளைத் தூக்கிக்கொண்டு அவர் மேஜைக்குத்தான் போவார்கள். கணக்குப் போட்டுப் புள்ளி வைத்து, வளைத்துக் கொடுப்பவர் அவர். முதல் கட்டத்தில் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். இதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அவரிடம் நான் முதலில் மாட்டிக்கொண்டது சேர்ந்த இரண்டாம் வாரம். ஒரு கம்பிச்சுருளில் மின்னோட்டம் கூடக் கூட வெப்பம் எப்படி ஏறுகிறது என்று ஒரு வரைபடம். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு நான்கு, மூன்றுக்கு ஒன்பது. மின்னோட்டம் எதிர்ப்பக்கம் போனாலும் அதே வெப்பம்தான். ஏழு புள்ளிகள் வைத்து விறுவிறுவென்று இணைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, அடியில மூக்கு மாதிரி வந்துருக்குது?"

"எது?"

"பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நேர்கோடா இழுத்துட்டீங்க. அரையில என்னா இருக்கணும்?"

அரையை அரையால் பெருக்கினால் கால். என் கோடு அரை உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் காது சுட்டது.

"இன்னொரு புள்ளி போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இது அடிக்கு வர்றப்ப அவசரமே படாது சார். மெதுவா வந்து, மெதுவா திரும்பும். மூக்கு வெச்சா அது கூடாரம்."

பக்கத்து மேஜையிலிருந்த தலைமை வரைவாளர் ஹைதராபாத் பழைய நகரத்துப் பெரியவர். வாயில் எப்போதும் பான். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார். "ஹவ் சாப். இந்த பாஜிகிட்ட எது குடுத்தாலும் ஔர் ஏக், ஔர் ஏக். கைக்கு பாஜி, ஒரு நாளாச்சும் போதும்னு சொல்லுங்களேன்."

"நக்கோ பாய்சாப். போதும்னா ஒரு நாள் பட்டறையிலேர்ந்து தப்புன்னு ஆள் வந்து நிப்பான்."

அந்த ஊர் உருதுவில் 'ஹவ்' ஆமாம், 'நக்கோ' வேண்டாம், 'கைக்கு' ஏன், 'பாஜி' அக்கா. 'ஔர் ஏக்' என்றால் 'இன்னும் ஒன்று'. அந்தப் பிரிவில் அவருக்கு அதுவே பட்டப்பெயர். எத்தனை புள்ளிகள் கொடுத்தாலும் தானாக இன்னொன்றைக் கணக்கிட்டு வைத்துப் பார்க்காமல் அவர் கோடு இழுக்கமாட்டார். ஒருமுறை நான் மேதாவித்தனமாகச் சொன்னேன்: "இருபடிச் சார்புக்கு மூன்று புள்ளி போதும் அம்மா. மூன்று புள்ளி தெரிந்தால் பரவளையம் ஒன்றுதான் வரும்."

"புத்தகத்துல போதும் சார். புத்தகத்துக்கு யாரும் தப்புக் கணக்கு குடுக்க மாட்டாங்க. இங்க மூணுல ஒண்ணு தப்பா இருந்தாலும் அதுக்கும் ஒரு வளைவு அழகா வந்துரும். நாலாவது வெச்சாதான் எவனோ பொய் சொல்றான்னு தெரியும்."

கல்லூரியில் ஐந்து வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொன்னவர் ட்ரேசர் என்பதால் நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

தொழிற்சாலை வாசலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய மரப்பெட்டி ஏற்றிய லாரி வெளியே போக வேண்டும். சாலைக்குக் குறுக்கே டெலிபோன் கம்பி தொய்ந்து தொங்கியது. இடது கம்பம் உயரம், வலது கம்பம் குட்டை. நாங்கள் மூன்று பொறியாளர்கள் நடுச்சாலையில் நின்று மூங்கிலால் அளந்து, நான்கு விரல் இடைவெளி இருக்கிறது, போகலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம். கேண்டீனிலிருந்து டிபன் டப்பாவுடன் வந்துகொண்டிருந்த அந்த அம்மாள் நின்றார்.

"நடு ரோட்டுல அளந்தா ஆச்சா? கம்பி அங்கயா அடியில இருக்குது?"

"பார்த்தாலே தெரிகிறதே அம்மா."

"அடியில அது தட்டையா இருக்கும் சார், கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் மேல ஏறுற எடத்துல புடிக்கணும்."

டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னும் நீளமான மூங்கில் ஒன்றை வாங்கினார். அதன் நுனி கம்பியைத் தொடும் இடத்தை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் கண்டுபிடித்துத் தரையில் கோடு கிழித்தார். இரண்டுக்கும் இடையே காலடியால் அளந்து, பாதியில் போய் நின்றார். அது குட்டைக் கம்பத்தின் பக்கம் தள்ளி, சரியாக லாரியின் தடத்தில் இருந்தது. எங்கள் மூங்கிலை அங்கே கொண்டுபோய் அளந்தோம். விரல் இடைவெளிகூட இல்லை.

லாரி டிரைவர் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம், "நுவ்வு அக்கடே நிலபடு அம்மா, நேனு ஒஸ்தா" என்று தெலுங்கில் சொன்னான்: நீ அங்கேயே நில், நான் வருகிறேன். அவர் அந்த இடத்திலேயே நின்று கையை ஆட்ட, லாரி இடது ஓரமாக ஒதுங்கி, உயரக் கம்பத்தை உரசுவதுபோல் போய்ச் சேர்ந்தது. அவர் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தக் கூட்டத்தில் அவருடைய டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான் என்பதை இப்போது பெருமையாகச் சொல்கிறேன். அன்று அவமானமாக இருந்தது.

அந்த அவமானம்தான் பிறகு வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

ராடார் ஆண்டெனாவுக்கு ஒரு கிண்ணம் செய்ய வேண்டியிருந்தது. குறுக்கே வெட்டினால் பரவளையம். நடுவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளிப் போகிறோமோ, அதை அதாலேயே பெருக்கி முந்நூற்று அறுபதால் வகுத்தால் அந்த இடத்தில் உயரம் கிடைக்கும். பன்னிரண்டு பன்னிரண்டாக நூற்றிருபது வரை நான் ஸ்லைடு ரூலில் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை அந்த அம்மாள் தாளோடு என் மேஜைக்கு வந்தார். இரண்டு பயிற்சிப் பொறியாளர்கள் என்னோடு இருந்தார்கள்.

"சார், தொண்ணூத்தாறுல ஒரு புள்ளி குதிக்குது."

"வரைந்து பார்த்தீர்களா?"

"வரைஞ்சா தெரியாது, பத்துல ஒரு பங்கு அளவுல மயிரிழைதான். கழிச்சுப் பாத்தேன். ஒவ்வொரு ஏத்தமும் போன ஏத்தத்தவிட பாயிண்ட் எட்டு ஜாஸ்தி. அப்படியே படிக்கட்டு மாதிரி போவுது. இங்க வந்து பாயிண்ட் எட்டுக்குப் பதிலா ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு ஏறி, அடுத்ததுல பாயிண்ட் ரெண்டுன்னு தொபுக்குனு விழுது. நீங்க இருபத்தஞ்சு பாயிண்ட் ஒம்பது போட்டிருக்கீங்க. பாயிண்ட் ஆறா இருக்கும், பாருங்க."

பயிற்சிப் பொறியாளர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். யாரைப் பார்த்துச் சிரித்தான் என்று நான் யோசிக்கவில்லை.

"படியெடுப்பது உங்கள் வேலை. கணக்கு என் வேலை" என்றேன்.

அவர் என் தாளின் ஓரத்தில் பென்சிலால் '96 — 25.6?' என்று எழுதி, பக்கத்தில் தன் இரண்டு எழுத்தைப் போட்டு, தாளை என் மேஜையில் வைத்தார். "ஹவ் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்ன எண்ணையே மையால் எழுதினார். மூன்றாவது கட்டமான 'சரிபார்த்தவ'ரில் நான் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

பட்டறையில் படத்தில் உள்ள எண்தான் சட்டம். அப்படியே வெட்டினார்கள். மூன்று மில்லிமீட்டர் தப்பு ஒரு வளையமாகக் கிண்ணத்தைச் சுற்றி ஓடியது. கையால் தடவினால் தெரியாது. சோதனை மைதானத்தில் தெரிந்தது. நான்கு கிண்ணங்களையும் உடைத்துப் போட்டார்கள்.

விசாரணை. மையேறிய பிறகு பென்சில் மூலத்தைக் கிழித்துவிடுவது எங்கள் வழக்கம். ஆக அது இல்லை. என் கணக்குத்தாளைக் கேட்டார்கள். அது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. நான் இன்னும் வேலையில் நிரந்தரமாகாதவன். நிரந்தர உத்தரவு அடுத்த மாதம் வரவிருந்தது.

"வைத்துக்கொள்ளவில்லை. என் கணக்கில் இருபத்தைந்து புள்ளி ஆறு என்றுதான் இருந்தது. படியெடுக்கும்போது தவறியிருக்கலாம்" என்றேன்.

அவரைக் கேட்டார்கள். "நான் சொன்னேன், சார் போடச் சொன்னாரு" என்றார்.

"அதற்கு ஆதாரம்?"

அவர் என் பக்கம் திரும்பினார். கெஞ்சவில்லை. ஒரு எண்ணைச் சரிபார்க்கிற மாதிரி பார்த்தார். "சார் சொல்லட்டும்."

"எனக்கு நினைவில்லை" என்றேன்.

அந்த மாதம் அவரை வரைவாளராக உயர்த்துவதாக இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் முதல் கட்டத்தில் எழுத்துப் போடப்போகும் முதல் பெண். அதை நிறுத்தினார்கள். அவர் பணிப்பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று ஒரு குறிப்பு ஏறியது. அவரை அம்மோனியா நெடியடிக்கும் அச்சுப்படி அறைக்கு மாற்றினார்கள். மூலப்படத்தை இயந்திரத்தில் விட்டுப் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலை. கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும்.

அங்கே அவர் சும்மா இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் இருக்கவில்லை. தன் கையில் வரும் ஒவ்வொரு படத்திலும் எண் அட்டவணை இருந்தால் கழித்துப் பார்த்தார். எங்காவது உதைத்தால் ஒரு துண்டுச்சீட்டு வரும். 'இந்தப் படம், இந்த எண், இன்னொரு புள்ளி போட்டுப் பார்க்கவும்.' யாரிடமும் புகார் இல்லை. சீட்டு நேராக வரைந்தவர் மேஜைக்கு வரும். அந்தப் பதினொரு ஆண்டுகளில் என் படங்களுக்கு மூன்று சீட்டுகள் வந்தன. மூன்றும் சரி. மூன்று முறையும் பட்டறைக்குப் போகும் முன் என் பிழையை அவர் பிடித்து என்னிடமே கொடுத்தார். பிழையைத் திருத்திவிட்டுச் சீட்டை அந்தப் பழைய கணக்குத்தாளோடு சேர்த்து வைத்தேன். தாளை நான் கிழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது.

பிறகு நான் துணை மேலாளர் ஆனேன். பதவி உயர்வுக் குழுவில் உட்காரும் நாள் வந்தது. அவருடைய கோப்பும் வந்தது. தலைவர் புரட்டிப் பார்த்து, "நல்ல வேலைக்காரி. ஆனால் அந்தக் கிண்ண விவகாரம் இருக்கிறதே" என்று ஒதுக்கப் போனார்.

நான் பத்து நிமிஷம் கேட்டு என் அறைக்குப் போய்த் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். என் எண்ணும், ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்தும். நடந்ததைச் சொன்னேன்.

தலைவர் தாளை என் பக்கமே நகர்த்தினார். "அவங்களுக்கு உயர்வு குடுத்துடலாம். இதை உள்ளே வையுங்க. உங்களுக்கு இன்னும் எவ்வளவோ சர்வீஸ் இருக்குது, எதுக்கு?"

நல்ல மனிதர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "குறிப்பையும் அடிக்கணும் சார். காரணம் எழுதி அடிக்கணும். காரணம் நான்தான்" என்றேன்.

எழுதினார்கள். எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது. அதற்கு மேல் உயராமல், அந்தத் துணை மேலாளர் நாற்காலியிலேயே ஓய்வு பெற்றேன். அது சரியான கணக்கு.

குழு கூடிய அன்று மாலையே அச்சுப்படி அறைக்குப் போய் அவரிடம் நானே சொன்னேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், குறுக்கிட்டார்.

"அந்தத் தாள வெச்சிருந்தீங்களா?"

"ஆமாம்."

"பதினோரு வருஷமா?"

"ஆமாம்."

"கிழிச்சுப் போட்டுட்டீங்கன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். பயந்துட்டாரு, பாவம், புள்ளகுட்டிக்காரருன்னு. வெச்சிருந்தீங்கன்னா, அத பாத்துக்கினேதான இருந்திருக்கீங்க."

இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் என்னைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஓய்வு பெறும்வரை வரைவாளராக இருந்த காலத்தில் அவர் வரைந்த எந்தப் படமும் பட்டறையிலிருந்து திரும்பி வந்ததில்லை. தலைமை வரைவாளர் தான் ஓய்வு பெறும் அன்று பிரிவு உபசாரத்தில் சொன்னார்: "இங்கே நான் இருபது வருஷம் தலைவன். ஆனா எல்லாப் படத்தையும் காப்பாத்தினது பாஜியோட அந்த ஔர் ஏக்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி.

ஆனால் நான் முடிக்க நினைப்பது, அந்த இரண்டு மாதத்துக்குப் பின், அந்த அம்மாள் வரைவாளராகச் சேர்ந்த முதல் நாளோடு. காலையில் சுருட்டிய துணி ஒன்றை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். விரித்தார். அதே கிண்ணப் படம்.

"இதுல திருத்தம் போடணும் சார்."

"இந்தக் கிண்ணத்தை இப்போது யாரும் செய்வதில்லையே அம்மா. செத்த படம் இது."

"என் எழுத்து இதுல இருக்குது. தப்பு எண்ணுக்குக் கீழ இருக்குது."

பிளேடை நீட்டினார். துணியில் மையை அழிக்க அதுதான் வழி. நாருக்குக் காயமில்லாமல் மெல்லச் சுரண்ட வேண்டும். நான் அதற்கு முன் செய்ததில்லை. ஒன்பதைச் சுரண்டினேன். அவருடைய பேனாவால் ஆறு எழுதினேன். மேலே திருத்தங்களுக்கான பட்டையில் 'மூலக் கணக்கில் பிழை, படியெடுத்ததில் அல்ல' என்று எழுதி என் எழுத்துகளைப் போட்டேன். துணியில் எழுதிப் பழக்கமில்லாததால் ஒரு எழுத்து கொஞ்சம் பிசிறியது.

"கழிச்சுப் பாருங்க" என்றார்.

வாய்விட்டுக் கழித்தேன். ஐந்து புள்ளி இரண்டு, ஆறு, ஆறு புள்ளி எட்டு, ஏழு புள்ளி ஆறு. படிக்கட்டு சீராக ஏறியது.

"இன்னொரு புள்ளி?"

யோசித்து, நூற்றிரண்டை எடுத்துக்கொண்டேன். தாளில் கையாலேயே பெருக்கி வகுத்தேன். இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. அவர் ஏற்கெனவே மனதில் போட்டு வைத்திருந்தார் போல. நான் சொல்லும் முன்பே தலையாட்டிவிட்டார்.

திருத்தப் பட்டையில் என் எழுத்துக்குப் பக்கத்தில் சரிபார்த்தவருக்கான இடம் காலியாக இருந்தது. பொறியாளர் செய்த திருத்தத்தை இன்னொரு பொறியாளர்தான் சரிபார்ப்பது வழக்கம். வாசலில் தலைமை வரைவாளர் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை அந்த அம்மாளிடம் கொடுத்தேன்.

அவர் குனிந்து அந்தக் கட்டத்தில் தன் இரண்டு எழுத்தைப் போட்டார். அவசரமே இல்லாமல் போட்டார். நான் பார்க்க ஆசைப்பட்டுத் துணியின் ஓரத்தைத் தூக்கப் போனேன்.

"மை காயட்டும் சார்" என்றார். "அதுவரைக்கும் தொடாதீங்க."